ஸ்ரான்லி யாரில் தங்கியிருக்கிறான்?

கேள்வி இதுதான்: “திருகோணமலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகத்தை வாசிக்கிறோம். படத்தையும் பார்த்தோம். பிளான்ஷ் ஆண்களை நம்பியே இருந்து அழிகிறாள். ஸ்ரெல்லா அடித்த கணவனை விட முடியாமல் கிடக்கிறாள். ஸ்ரான்லி மட்டும் யாரையும் எதிர்பாராமல் நிற்கிறான். அப்படியென்றால் பெண்மை என்றாலே பிறரில் தங்கியிருப்பது, ஆண்மை என்றாலே சொந்தக் காலில் நிற்பது என்றுதானே நாடகம் சொல்கிறது? எங்கள் ஊர்ப் பெண்கள் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?”

நான் அப்படி வாசிக்கவில்லை. அந்த நாடகத்தில் எல்லோரும் யாரோ ஒருவரில் தங்கித்தான் இருக்கிறார்கள். ஸ்ரான்லி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே. ஆனால் அவனுக்குப் பின்னால் சம்பளமும் வீட்டு வாடகையும் சட்டமும் நிற்கின்றன. அதனால் அவனுடைய தங்கியிருத்தல் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. பிளான்ஷுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அவளுடையது மட்டும் ஊருக்கே தெரிகிறது.

நாடகத்தை வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெனசி வில்லியம்ஸ் எழுதியது. 1947 டிசம்பர் 3ஆம் திகதி நியூயோர்க்கில் முதல் மேடையேற்றம், எலியா கசானின் நெறியாள்கையில். மார்லன் பிராண்டோ ஸ்ரான்லியாகவும் ஜெசிகா டாண்டி பிளான்ஷாகவும் நடித்தார்கள். 1948இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிளான்ஷ் டுபுவா, மிசிசிப்பி மாநிலத்தில் லோரல் என்ற ஊரில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள். ‘பெல் ரீவ்’ என்ற பரம்பரை வீடும் தோட்டமும் கைவிட்டுப் போய், வேலையும் போய், நியூ ஓர்லியன்ஸில் தங்கை ஸ்ரெல்லாவின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்கிறாள். தங்கையின் கணவன்தான் ஸ்ரான்லி கொவால்ஸ்கி. போலந்து வம்சாவளி, போரில் பொறியியல் படைப்பிரிவில் இருந்தவன். அவனுடைய நண்பன் மிச் பிளான்ஷை மணக்க நினைக்கிறான். பிளான்ஷின் பழைய வாழ்க்கையைத் துருவியெடுத்து மிச்சிடம் சொல்லி அதைக் குழப்புகிறான் ஸ்ரான்லி. ஸ்ரெல்லா பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருக்கும் இரவில் பிளான்ஷை வன்புணர்கிறான். கடைசிக் காட்சியில் அவளை மனநோய் விடுதிக்கு அழைத்துப்போக ஒரு டாக்டரும் ஒரு மேற்பார்வைத் தாதியும் வருகிறார்கள்.

இனி மூன்றாம் காட்சியை எடுங்கள். சீட்டாட்ட இரவு. (வில்லியம்ஸ் ஒரு கட்டத்தில் முழு நாடகத்துக்குமே ‘போக்கர் இரவு’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்.) குடிவெறியில் ஸ்ரான்லி வானொலியைத் தூக்கி யன்னலுக்கு வெளியே எறிகிறான். கர்ப்பிணியான மனைவியை அடிக்கிறான். அவள் மேல்வீட்டு யூனிஸிடம் ஓடிவிடுகிறாள். நண்பர்கள் அவனைப் பிடித்துக்கொண்டுபோய்த் தண்ணீருக்குக் கீழே நிறுத்துகிறார்கள். வெறி இறங்கி வெளியே வந்ததும் அவன் செய்கிற முதல் வேலை விம்மி அழுவது. மேல்வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கிறான். அதுவும் சரிவராமல் போக, நனைந்த உடம்போடு படிக்கட்டின் அடியில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அவள் இறங்கி வருகிறாள். அவன் படியிலேயே முழங்காலில் விழுந்து, பிள்ளை இருக்கிற அந்த வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான்.

கிழிந்த ரீசேர்ட்டோடு பிராண்டோ கத்துகிற அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆண்மையின் உச்சம் என்று அதை ஒட்டிவைத்திருக்கிறார்கள். தாயைக் காணாமல் வீறிட்டு அழுகிற பிள்ளையின் குரல் அதில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. மனைவி கொஞ்ச நேரம் மேல்மாடியில் இருப்பதையே தாங்க முடியாத ஒருவனைச் சொந்தக் காலில் நிற்பவன் என்று எப்படிச் சொல்வது? “ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது” என்று நம் வீடுகளில் சொல்லி வளர்க்கிறோம். ஸ்ரான்லியும் அழவேண்டிய நேரத்தில் முதலில் அடிக்கிறான், பிறகுதான் அழுகிறான்.

அவனுடைய பயம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் அவன் பிளான்ஷை ஏன் விரட்டினான் என்பதும் விளங்கும். நான்காம் காட்சியில் பிளான்ஷ் தங்கையிடம் அவனைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுகிறாள்: மிருகம், குரங்கு, கற்காலத்து ஆள், இந்த மிருகங்களோடு பின்தங்கி நின்றுவிடாதே. ரயில் சத்தத்தின் மறைவில் அவன் உள்ளே வந்து முழுவதையும் கேட்டுவிடுகிறான். ஒன்றும் சொல்வதில்லை. ரயில் சத்தத்தில் மறுபடி வெளியே போய், அப்போதுதான் வருகிறவன்போல வந்து நிற்கிறான். ஸ்ரெல்லா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவளுடைய தலைக்கு மேலாகப் பிளான்ஷைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்போடு பிளான்ஷின் கதை முடிந்தது. எட்டாம் காட்சியில் மனைவியிடம் அவனே மனம் திறந்து சொல்கிறான்: நாம் சந்தித்தபோது நான் வெறும் மண் என்று நீ நினைத்தாய், அந்தத் தூண் வைத்த மாளிகையிலிருந்து உன்னை நான்தான் கீழே இழுத்தேன், நீயும் அதை விரும்பினாய், இவள் வரும்வரை எல்லாம் சரியாகத்தானே இருந்தது. மனைவியின் கண்ணில் தான் யார் என்பதில்தான் அவனுடைய முழு ஆண்மையும் தங்கியிருக்கிறது. அந்தக் கண்ணை மாற்றக்கூடிய ஒருத்தி வீட்டுக்குள் வந்துவிட்டாள். அவளை வைத்துக்கொண்டு அவனால் நிம்மதியாக இருக்க முடியாது.

மிச் வேறு வகை. நாற்பதை எட்டும் வயதுக்காரன்போல் நடந்துகொள்கிற, நல்லவனாகத் தெரிகிற ஆள். அம்மா விழித்துக் காத்திருப்பார் என்று சீட்டாட்டத்திலிருந்து நேரத்தோடு எழும்புவான். அம்மாவுக்கு நோய், தான் கண் மூடுவதற்குள் மகனுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்பது அவரின் ஆசை. பிளான்ஷோடு தனியே இருக்கும்போது தன் எடை எவ்வளவு, வயிறு எவ்வளவு இறுக்கம் என்றெல்லாம் பெருமை பேசுகிறான். வேர்க்கிறது என்பதற்காக வெட்கப்பட்டுக் கோட்டைக் கழற்ற மறுக்கிறான். சிரிப்பு வரும். ஆனால் ஆறாம் காட்சியின் முடிவில் அவன் சொல்வதுதான் நாடகத்திலேயே நேர்மையான ஒரே காதல் பேச்சு: உனக்கும் ஒருவர் தேவை, எனக்கும் ஒருவர் தேவை, அது நீயும் நானுமாக இருக்கலாமா? தங்கியிருப்பதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிற இடம் இது மட்டும்தான். அதே மிச் ஒன்பதாம் காட்சியில் வந்து, என் அம்மா இருக்கிற வீட்டுக்குள் கூட்டிப்போகிற அளவுக்கு நீ சுத்தமில்லை என்கிறான். அந்த அம்மா மேடைக்கு ஒருபோதும் வருவதில்லை. வராமலே தீர்ப்பு எழுதுகிறார். நம்மூரில் பேசி முடித்த கலியாணங்கள் எத்தனை இப்படிக் குழம்பியிருக்கின்றன என்று உங்கள் வட்டத்தில் இருப்பவர்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, பிளான்ஷின் பெண்மைக்கு வருவோம். காகிதக் கூடு மாட்டிய மின்குமிழ், மணிக்கணக்கில் வெந்நீர்க் குளியல், வயதைக் குறைத்துச் சொல்வது, மறைத்துக் குடிப்பது, பழைய நகைகள். இவற்றைப் பார்த்து அவள் வெறும் பகட்டுக்காரி என்று முடிவுகட்டுவது சுலபம். ஐந்தாம் காட்சியில் தங்கையிடம் அவள் பேசுவதை மெதுவாக வாசியுங்கள். தான் ஒருபோதும் கடினமானவளாக இருந்ததில்லை என்கிறாள். மென்மையானவர்கள் மினுங்கிக் காட்டவேண்டியிருக்கிறது, எவ்வளவு காலத்துக்கு இதைச் செய்ய முடியும் என்று தெரியவில்லை என்கிறாள். ஆண்கள் படுக்கையில் அல்லாமல் வேறெங்கும் ஒரு பெண் இருப்பதையே ஏற்றுக்கொள்வதில்லை. ஒருவருடைய பாதுகாப்பு வேண்டுமென்றால் நீ இருக்கிறாய் என்பதை முதலில் யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்படிப் பேசுகிறவள் மயக்கத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் நிலைமையைக் கணக்குப் பார்த்துச் சொல்கிறாள். அந்த மினுக்கம் அவளுக்கு ஒரு உழைப்பு. சம்பளமில்லாத, ஓய்வூதியமில்லாத, முப்பது வயதோடு முடிந்துபோகிற உழைப்பு.

ஆண்களும் வேடம் போடுகிறார்கள் என்பதை ஏனோ விட்டுவிடுகிறோம். சீட்டாட வருகிறவர்களின் சட்டை நிறங்களை வில்லியம்ஸ் ஒவ்வொன்றாக எழுதிவைத்திருக்கிறார். ஸ்ரான்லிக்குப் பட்டுச் சட்டை. பத்தாம் காட்சியில், முதலிரவுக்குப் போட்ட பட்டுப் பைஜாமாவை எடுத்துப் போட்டுக்கொண்டு வருகிறான். பிளான்ஷின் பெட்டியில் கிடந்த உடுப்புகளை இரண்டாம் காட்சியில் கிளறி எள்ளி நகையாடியவனும் அவன்தான்.

பிளான்ஷைத் தூய பலியாகவும் ஆக்கிவிடாதீர்கள். அவளுடைய இளம் கணவன் அலன், கவிதை எழுதுகிற, மென்மையான பையன். அவன் வேறொரு ஆணோடு இருந்ததை அவள் கண்டுவிடுகிறாள். அன்றிரவு நடனம் ஆடிக்கொண்டிருக்கையில், நீ எனக்கு அருவருப்பாக இருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவன் வெளியே ஓடிப்போய்த் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அந்த நடன இசை கடைசிவரை அவள் தலைக்குள் ஒலிக்கிறது. ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற காவலை அன்று செய்தவள் பிளான்ஷ். அந்த ‘சரியான ஆண்’ பின்னர் ஸ்ரான்லி உருவத்தில் அவள் முன் வந்து நின்றான். இந்தப் பகுதியைப் படத்தில் மழுப்பிவிட்டார்கள். அன்றைய தணிக்கை விட்டிருக்காது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அலன் ஏன் செத்தான் என்பதே சரியாக விளங்காது.

காசு விஷயத்தைத்தான் பெரும்பாலான விளக்கங்கள் தொட்டும் தொடாமலும் போகின்றன. நான்காம் காட்சியில் பிளான்ஷின் கையில் இருப்பது 65 சதம். அடித்ததற்கு அடுத்த நாள் சமாதானத்துக்காக ஸ்ரான்லி மனைவிக்கு 10 டொலர் கொடுத்திருக்கிறான். அதில் 5 டொலரை ஸ்ரெல்லா அக்காவுக்கு நீட்டுகிறாள். மாதச் செலவுக்கென்று அவன் அவளிடம் காசு கொடுப்பதில்லை, பில்களைத் தானே கட்ட விரும்புகிறான் என்று அவளே சொல்கிறாள். எட்டாம் காட்சியில் பிளான்ஷின் பிறந்தநாளுக்கு அவன் கொடுக்கும் பரிசு, லோரலுக்குத் திரும்பிப்போக ஒரு பஸ் ரிக்கெற்.

இன்னொன்றையும் கூட்டிப்பாருங்கள். பெல் ரீவை அழித்தது யார்? தாத்தாமாரும் தகப்பனும் சித்தப்பன்மாரும் சகோதரர்களும் தங்கள் காம விளையாட்டுக்காகக் காணியைத் துண்டு துண்டாக விற்றுத் தின்றார்கள் என்று இரண்டாம் காட்சியில் பிளான்ஷ் சொல்கிறாள். மிஞ்சியது வீடும் கொஞ்ச நிலமும் ஒரு மயானமும். ஸ்ரெல்லா முன்னரே நியூ ஓர்லியன்ஸுக்குப் போய்விட்டாள். நோயாளிகளைப் பார்த்ததும் செத்த வீடுகளை நடத்தியதும் ஒரு ஆசிரியையின் சம்பளத்தில் பிளான்ஷ்தான். அப்படியென்றால் அந்தக் குடும்பத்தில் உழைத்துப் பிறரைத் தாங்கிய ஒரே ஆள், நாம் ‘தங்கி வாழ்பவள்’ என்று பெயர் வைத்த இவள். நாடகம் நடக்கிற காலத்தில் ஸ்ரெல்லா வேலைக்குப் போவதில்லை, கணவனில்தான் தங்கியிருக்கிறாள். அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை. கணவனில் தங்கியிருந்தால் அதற்குக் குடும்பம் என்று பெயர், மற்ற ஆண்களில் தங்கியிருந்தால் ஊரைவிட்டு ஓட வேண்டும். லோரலில் பிளான்ஷுக்கு நடந்ததும் அதுதான். 17 வயது மாணவன் ஒருவனோடு அவளுக்கு இருந்த உறவு பிழையானது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஸ்ரான்லி அதை எடுத்துப் பேசுவது அந்தப் பையனில் உள்ள அக்கறையால் அல்ல.

பிறகு அந்தச் சட்டம். “லூசியானாவில் நெப்போலியன் சட்டம் இருக்கிறது, மனைவிக்குச் சொந்தமானது கணவனுக்கும் சொந்தம்” என்று ஸ்ரான்லி மார்தட்டுகிறான். மேடையில் இது சிரிப்பாக வரும், ஆனால் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம். லூசியானாவை பிரான்ஸ் அமெரிக்காவுக்கு விற்றது 1803இல்; நெப்போலியனின் சட்டக்கோவை வந்தது 1804இல். லூசியானாவுக்குப் பிரெஞ்சு, ஸ்பானிய வேர்களோடு தனியான குடியியல் சட்டம் உண்டு. அதிலும் கலியாணத்துக்குப் பிறகு இருவரும் தேடியதுதான் பொதுச்சொத்து; பரம்பரையாக வந்தது அவரவருக்கு. போதாததற்கு பெல் ரீவ் இருப்பது மிசிசிப்பியில். ஆக அவன் பேசுவது பாதிச் சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தின் மற்றப் பாதி அவனுக்கு அவன் நினைத்ததைவிடச் சாதகமாக இருந்தது. பொதுச்சொத்துக்குக் கணவனே ‘தலைவனும் எசமானும்’ என்ற விதி அங்கே இருந்தது. இருவர் பெயரிலும் உள்ள வீட்டை மனைவிக்குச் சொல்லாமலே அவன் ஈடு வைக்கலாம். அப்படி ஈடு வைத்த ஒருவரின் வழக்கில்தான் 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. நாடகம் வந்து 34 வருடத்துக்குப் பிறகு.

நம்மூர்ப் பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். எனக்கு முதலில் தோன்றுவது வீடு. கிழக்கு மாகாணத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் பழைய வழக்கம். திருகோணமலையில் எல்லாக் குடும்பங்களும் அப்படி என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், மலையகத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கலந்த ஊர். ஆனாலும் கிண்ணியாவிலோ மூதூரிலோ ஸ்ரான்லி கொவால்ஸ்கி கலியாணம் கட்டியிருந்தால், பெரும்பாலும் ஸ்ரெல்லாவின் வீட்டில்தான் இருந்திருப்பான். அப்போது பிளான்ஷுக்குப் பஸ் ரிக்கெற் வாங்கிக் கொடுக்கும் தைரியம் அவனுக்கு இருந்திருக்குமா? எனக்குச் சந்தேகம். கூரை யாருடையது என்பது எட்டாம் காட்சியை மாற்றிவிடும். மூன்றாம் காட்சியை மாற்றாது என்பதும் நமக்குத் தெரியும். சீதன வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்க, அவளே அதே வீட்டில் அடி வாங்குவது நாம் காணாததல்ல.

எல்லாக் கூரையும் பெண் பெயரில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பொருந்துகிற குடும்பங்களில், மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களின் காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறவை. வாரிசு நியமிக்காமல் ஒருவர் இறந்தால் மகளுக்கு முன் மகன், இளையவனுக்கு முன் மூத்தவன் என்ற வரிசை அதில் பல தசாப்தங்கள் இருந்து, 2022இல்தான் திருத்தப்பட்டது. ஸ்ரான்லியின் ‘நெப்போலியன் சட்டத்தை’ப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இவற்றையும் மேசையில் வையுங்கள்.

வெளிநாடு போன பெண்களின் கதையும் இங்கேதான் வருகிறது. நம் மாவட்டத்திலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போய் வீடு கட்டியவர்கள், தங்கைமாரைக் கரைசேர்த்தவர்கள் ஏராளம். அந்தக் காசில் வீட்டில் இருக்கிற ஆணைப் பார்த்து ‘தங்கி வாழ்கிறவன்’ என்று யாரும் சொல்வதில்லை. குடும்பத் தலைவர் என்று படிவத்தில் அவன் பெயரைத்தான் எழுதுகிறோம். 2013இல் அரசாங்கம் கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை, போகிற பெண்ணின் வீட்டு நிலைமையைத்தான் விசாரித்தது. போகிற ஆணிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்ததும் ஊர் அவளைப் பற்றி என்ன பேசுகிறது என்பதையும் கவனியுங்கள். லோரலில் பிளான்ஷைப் பற்றிப் பேசிய அதே தொனி.

மேடை அமைப்பிலும் நம் ஆட்களுக்கு உடனே பிடிபடுகிற ஒன்று உண்டு. இரண்டு அறை, நடுவில் கதவில்லை, ஒரு திரைச்சீலை மட்டும். உள் அறையில் கணவனும் மனைவியும், வெளி அறையில் மடக்குக் கட்டிலில் அக்கா. மே மாதம் வந்தவள் செப்டெம்பர் வரை இருக்கிறாள். 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து உறவினர் வீடுகளிலும் கிளிவெட்டி முகாமிலும் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு, சேலையை மறைப்பாகக் கட்டிய வாழ்க்கை என்னவென்று விளக்கத் தேவையில்லை. குளியலறையை யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதில் தொடங்கும் மனக்கசப்பு, சாப்பாட்டுக் கணக்கு, ‘எப்போது போவாய்’ என்று யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி எல்லாம் நாடகத்தில் அப்படியே இருக்கின்றன. பிளான்ஷை இடம்பெயர்ந்து வந்தவளாக வாசித்துப் பாருங்கள். அவளுடைய பொய்களில் பாதி, விருந்தாளி தன் மானத்தைக் காப்பாற்றச் சொல்கிற பொய்கள்.

வில்லியம்ஸிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ஸ்ரான்லிக்கு அவர் கொடுத்திருக்கும் கவர்ச்சி கொஞ்சம் அதிகம். முதல் மேடையேற்றத்தின்போதே, பிராண்டோவின் நடிப்பால் பார்வையாளர் ஸ்ரான்லி பக்கம் சாய்ந்து அவனுடைய வெற்றியில் பங்காளியாகிவிடுகிறார்கள் என்று ஹரல்ட் கிளர்மன் என்ற விமர்சகர் எழுதினார். நல்ல உடம்பும் நகைச்சுவையும் உள்ள ஒருவன் மேடையில் நின்றால் சபை அவனோடு சேர்ந்து சிரிக்கும். சிரித்துச் சிரித்தே பத்தாம் காட்சிவரை வந்துவிடும். உங்கள் வாசிப்பில் ஸ்ரான்லியை வாசிக்கிறவர் குரலை உயர்த்திக் கைதட்டல் வாங்கப் பார்த்தால் அங்கேயே நிறுத்துங்கள். எழுத்தாளரின் மனம் முழுவதும் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய அக்கா ரோஸுக்கு 1943இல் மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு அவர் பெரும்பாலும் மருத்துவ விடுதிகளிலேயே வாழ்ந்தார். டாக்டர் தொப்பியைக் கழற்றியதும் பிளான்ஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாரென்றே தெரியாதவர்களின் இரக்கத்தில்தான் எப்போதும் தங்கியிருக்கிறேன் என்கிறாளே, அதை அழகான வசனம் என்று தனியே வெட்டியெடுத்து ரசிக்கிறார்கள். அவள் அதைச் சொல்வது தன்னை அடைக்கக் கூட்டிப்போகிறவரிடம். தெரிந்தவர்கள் எல்லோரும் பக்கத்து அறையிலும் வாசலிலும் நிற்கிறார்கள்.

இந்த நாடகம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1960களில் தம்ம ஜாகொட இதைத் தழுவி ‘வெஸ் முஹுணு’ என்று சிங்களத்தில் மேடையேற்றினார். தமிழில் வில்லியம்ஸ் என்றதும் அவைக்காற்றுக் கலைக்கழகம் என்ற நாடகக் குழுவின் ‘கண்ணாடி வார்ப்புகள்’தான் பலருக்கு நினைவு வரும், அது அவருடைய வேறொரு நாடகம். அதிலும் ஒரு சகோதரி, ஒரு தாய், விட்டுப்போக நினைக்கிற ஒரு ஆண். நேரம் இருந்தால் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

கடைசிக் காட்சிக்கு மட்டும் படத்தை மறந்துவிட்டு நாடகப் பிரதியை எடுங்கள். 1951இல் வந்த படத்தில் ஸ்ரெல்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இனித் திரும்பமாட்டேன் என்று மேல்வீட்டுக்குப் போகிறாள். தப்புச் செய்தவனுக்குத் தண்டனை வேண்டும் என்று தணிக்கைக்காரர் கேட்டதன் விளைவு அது. நாடகத்தில் அவள் எங்கும் போவதில்லை. அந்த இரவில் நடந்ததைப் பற்றி அக்கா சொன்னதை நம்பிக்கொண்டு ஸ்ரான்லியோடு வாழ என்னால் முடியாது என்று யூனிஸிடம் சொல்கிறாள். நம்பாதே, என்ன நடந்தாலும் வாழ்க்கை ஓட வேண்டும் என்கிறாள் யூனிஸ். ஐந்தாம் காட்சியில் இதே யூனிஸ் தன் கணவனோடு அடிபட்டு ஓடி, பிறகு அவனைக் கட்டிக்கொண்டு திரும்பியவள். ஸ்ரெல்லா நம்பவில்லை என்று நான் நினைக்கவில்லை. நம்புவதாக ஒத்துக்கொண்டால் கையில் குழந்தையோடு, பில் கட்டக் காசில்லாமல், இருக்க வீடில்லாமல் தெருவில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் குழந்தையை வைத்துக்கொண்டு அழ, ஸ்ரான்லி அவளைத் தேற்றுகிறான். அவன் விரல்கள் அவளுடைய சட்டையின் பொத்தானைத் தேடுகின்றன. பின்னால் சீட்டாட்டம் தொடர்கிறது.

உங்கள் வட்டத்தில் பத்தாம் காட்சியைச் சத்தமாக வாசிப்பதற்கு முன் என்ன வரப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். யாருக்கு என்ன அனுபவம் இருக்கும் என்று தெரியாது. வேண்டாம் என்பவர்கள் அந்த நேரம் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரட்டும். ஸ்ரெல்லா பாத்திரத்தை வட்டத்தில் நன்றாக வாசிக்கிற பெண்ணிடம் கொடுங்கள். பிளான்ஷுக்கு வசனமே பாதி வேலையைச் செய்துவிடும், ஸ்ரெல்லாவுக்கு அப்படி இல்லை. மிச்சை யார் வாசிப்பது என்று தடுமாறினால், இன்னும் அம்மா வீட்டில் இருக்கும் ஆண் ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கேளுங்கள்.